குழந்தைகளின் நகைகள் ஏன் திரும்பப் பெறப்படுகின்றன? பெற்றோர் அறிய வேண்டியவை

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிடும் அறிவிப்புகளில் ஒரு வகை நம் கவனத்துக்கு வராமலேயே போய்விடுகிறது. குழந்தைகளுக்கான வளையல், கழுத்து மாலை, தோடு போன்றவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் அறிவிப்புகள் அவை. வாசகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: மணி கழன்று விழலாம், சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கலாம், உடனே குழந்தையிடமிருந்து வாங்கி வையுங்கள், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எங்கோ விற்ற பொருளுக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோன்றலாம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் அணியும் சின்னச் சின்ன அலங்காரப் பொருட்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விஷயம் புரியும். வளைகுடாவிலிருந்து வரும் மாமா, மலேசியாவிலிருந்து வரும் பெரியம்மா, அமெரிக்காவில் வேலை பார்க்கும் மச்சான் என்று யாராவது ஒருவர் பெட்டியில் கொண்டு வருகிறார்கள். இடம் போதவில்லை என்று அட்டையையும் விலைச்சீட்டையும் பிரித்துப் போட்டுவிட்டு, பொருளை மட்டும் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்து வருவார்கள். அந்த அட்டையில்தான் தயாரிப்பாளர் பெயரும், மாடல் எண்ணும், தயாரித்த தேதியும் இருந்தன. ஒரு பொருள் திரும்பப் பெறப்பட்டால் அந்த எண்களை வைத்துத்தான் அது இதுதானா என்று கண்டுபிடிக்க முடியும். அட்டை போனால் அறிவிப்பு நம் வீட்டு வாசல் வரை வந்தாலும் பயனில்லை. பெருநாள் சமயத்தில் தெருவோரக் கடையில் சரமாகத் தொங்கும் பாசி மாலைக்கோ முதலில் இருந்தே அட்டையும் இல்லை, பெயரும் இல்லை.

ஆகவே திரும்பப் பெறும் முறை எப்படி வேலை செய்கிறது, எதற்குப் பயந்து அந்த விதிகளைப் போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், அறிவிப்பு வந்து சேராத நம் வீடுகளில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க ஆணையம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. ஒரு பொருள் பெரிய ஆபத்தை விளைவிக்கக்கூடும் என்று நிறுவனத்துக்குத் தெரியவந்தால், 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதன் பிறகு இருவரும் சேர்ந்து அறிவிப்பு வெளியிடுவார்கள். பணம் திருப்பித் தருவது, மாற்றித் தருவது, பழுது நீக்கித் தருவது என்று பரிகாரம் சொல்லப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆபத்து இருப்பது முதலில் யாருக்காவது தெரிய வேண்டும். பல நேரங்களில் அது ஒரு குழந்தை மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

2003-இல் ஓரிகன் மாநிலத்தில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் வயிற்று வலியுடனும் வாந்தியுடனும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். காசு போட்டால் உருண்டைக்குள் பொம்மை விழுமே, அந்த மாதிரி இயந்திரத்தில் வாங்கிய ஒரு மாலையின் பதக்கத்தை அவன் விழுங்கியிருந்தான். பதக்கத்தில் சுமார் 39 சதவீதம் ஈயம். அவனுடைய இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 123 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அப்போது 10 என்ற அளவே கவலைக்குரியதாகக் கருதப்பட்டது. பதக்கத்தைக் குழாய் கருவி மூலம் வெளியே எடுத்தார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்த ஆண்டு செப்டம்பரில் 14 லட்சம் மாலைகள் திரும்பப் பெறப்பட்டன. 2004 ஜூலையில் இதே வகை இயந்திரங்களில் விற்ற விளையாட்டு நகைகள் 15 கோடி எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய திரும்பப் பெறுதல்களில் இதுவும் ஒன்று.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2006 பிப்ரவரியில் மினசோட்டாவில் 4 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாந்தி. மருத்துவமனையில் காட்டினார்கள். வைரஸ் கிருமியால் வந்த வயிற்றுக் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வாந்தி நிற்காமல் திரும்பவும் வந்தான். சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகி மூச்சு நின்றது. மூளையில் வீக்கம். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் இதய வடிவில் ஓர் உலோகத் துண்டு தெரிந்தது. இரத்தத்தில் ஈயம் 180 மைக்ரோகிராம். பிப்ரவரி 22 அன்று அந்தக் குழந்தை இறந்துபோனது.

அந்த இதயத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, வேறொரு பிள்ளையின் வளையல் சங்கிலியிலிருந்து என்று தெரிந்தது. ரீபோக் நிறுவனத்தின் குழந்தைகள் காலணியோடு இலவசமாகக் கொடுக்கப்பட்ட சங்கிலி அது. துண்டில் 99.1 சதவீதம் ஈயம். உலோகமே ஈயம்தான், மேலே மினுமினுப்பு மட்டும். அந்தத் தாய் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. அது அவர்கள் வீட்டுப் பொருளும் இல்லை. அடுத்த மாதம் 3 லட்சம் சங்கிலிகள் திரும்பப் பெறப்பட்டன. 2008-இல் நிறுவனம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

இந்தச் சம்பவத்தில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் நம் பெரியவர்கள், "தொண்டையில் அடைக்கவில்லை அல்லவா, வாழைப்பழம் கொடுங்கள், நாளைக்கு வெளியே வந்துவிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். பெரும்பாலான பொருட்கள் அப்படி வெளியே வருவதும் உண்மைதான். ஆனால் ஈயத் துண்டு வயிற்றில் தங்கினால், அங்குள்ள அமிலம் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும், இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே தெரிவது வாந்தியும் வயிற்று வலியும் மட்டுமே. காரணம் புரியாத வாந்தி என்றால், "ஏதாவது விழுங்கியிருப்பானோ" என்ற சந்தேகத்தை மருத்துவரிடம் நாமே சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

2008-இல் அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. 12 வயது வரையான குழந்தைகளுக்கான பொருட்களில் ஈயத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2011 ஆகஸ்ட் முதல் 10 லட்சத்தில் 100 பங்கு என்று நிர்ணயிக்கப்பட்டது. மினசோட்டாச் சிறுவன் விழுங்கிய துண்டில் இருந்தது இதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு.

ஈயத்துக்குத் தடை வந்ததும் சில தயாரிப்பாளர்கள் காட்மியத்துக்கு மாறினார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், காட்மியம் 321 டிகிரியில் உருகும். இரண்டும் மலிவு, அச்சில் ஊற்றி வார்க்க எளிது. 2010 ஜனவரியில் ஏபி செய்தி நிறுவனம் பரிசோதனைக் கூடத்தில் சோதித்து இதை வெளிப்படுத்தியது. அதன் பிறகுதான் காட்மியம் கலந்த குழந்தை நகைகள் அடுத்தடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. மலிவான உலோக நகைகளைச் சிறு குழந்தைகளிடம் கொடுக்கவே வேண்டாம் என்று ஆணையத் தலைவரே பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பர் முதல் நகைகளில் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. கையில் எடுத்ததும் அளவுக்கு மீறிக் கனக்கும் மலிவு உலோக நகை எதுவானாலும் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவது நல்லது.

10 சென்டிமீட்டர் காகிதப் பட்டை

இனி மூச்சடைப்புக்கு வருவோம். எது சிறியது, எது பெரியது என்பதை அமெரிக்க விதி கண்ணளவுக்கு விட்டுவிடவில்லை. ஒரு சிறு குழலை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மி.மீ. அகலம். அடிப்பாகம் சரிவாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் முழுவதும் விரிந்த தொண்டையின் அளவை ஒட்டியது இது. அந்த வயதுக்கான பொருளோ அதிலிருந்து உடைந்து விழும் துண்டோ, அழுத்தாமல் வைக்கும்போது குழலுக்குள் முழுதாக அடங்கிவிட்டால் விற்கக் கூடாது.

துண்டு விழுமா என்பதையும் சோதிக்கிறார்கள். பொருளைக் கீழே போடுகிறார்கள், முறுக்குகிறார்கள், இழுக்கிறார்கள். 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கான பொருளில் மணியைப் பிடித்து இழுக்கும் விசை சுமார் 4.5 கிலோ எடைக்குச் சமம். 18 மாதம் முதல் 3 வயது வரைக்கானது என்றால் சுமார் 6.8 கிலோ. நம் வீட்டுப் பாசி மாலையை ஒரு முறை விரலால் சுண்டி இழுத்துப் பார்த்தால் அந்தச் சோதனையில் அது எத்தனை நொடி தாங்கும் என்று தெரிந்துவிடும்.

இந்தக் குழலை வீட்டிலேயே செய்யலாம். சற்றுத் தடித்த காகிதத்தில் சரியாக 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். நீளவாட்டின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட்டுக்கொள்ளும்படி வளைத்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டுங்கள். கிடைக்கும் வளையத்தின் அகலம் 31.8 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட அந்தக் குழலின் வாய். 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ. என்பதால் அதற்குள் எளிதாக விழும். அதற்குள் போகும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது.

அந்த வளையத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினால் பட்டியல் நீளும். தோட்டின் திருகாணி. கொலுசின் முத்து. வளையலில் கோத்த சலங்கை. அக்கா கழற்றி வைத்த ஜிமிக்கி. பெருநாள் சட்டையில் ஒட்டியிருக்கும் கல். பிள்ளைக்கு என்று வாங்கிய நகையைவிட, பெரியவர்கள் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்த நகையே கைக்குழந்தைக்கு எளிதில் கிடைக்கும். தங்கமாக இருந்தால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையைச் சொல்லும். திருகாணி கழலுமா என்று சொல்லாது.

கழுத்தில் போடுவது தனிக் கதை. பல் முளைக்கும் வலிக்கு நல்லது என்று ஆம்பர் மணி மாலைகளை மேலைநாடுகளில் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள், இணையம் வழியாக அது இங்கும் வருகிறது. 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. 18 மாதக் குழந்தை ஒன்று தூங்கும்போது ஆம்பர் மாலை கழுத்தை இறுக்கி இறந்ததும், மர மணிகள் கோத்த கைவளையத்தின் மணி 7 மாதக் குழந்தையின் தொண்டையில் சிக்கியதும் அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்டவை. இரண்டாவது சம்பவம் பெற்றோரின் கண்ணெதிரே நடந்தது.

நம்மில் சிலர் கைக்குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறும் தாயத்தும் கட்டுகிறார்கள். அதன் மார்க்க நிலையை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாம் பேசுவது அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும். அறுந்து போகாத கயிறு தொட்டிலின் கம்பியிலோ கதவுக் கொண்டியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். எதைக் கட்டியிருந்தாலும் தூங்க வைக்கும்போது கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது.

ஹிஜாப் மேக்னட்

இதை எழுதத் தூண்டிய முக்கியமான காரணம் இதுதான். ஹிஜாப் கட்டும்போது குண்டூசியை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி வைத்த ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்ட இளம் பெண்களைப் பற்றி துருக்கி, எகிப்து மருத்துவர்கள் பல ஆண்டுகளாக மருத்துவ இதழ்களில் எழுதி வருகிறார்கள். ஊசிக்கு மாற்றாக வந்ததுதான் காந்தம். துணி கிழியாது, குத்தாது, அழகாகவும் இருக்கிறது. பெரியவர்களுக்கு நல்ல பொருள்தான். ஆனால் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அதில் மிக வலிமையான காந்தம் வைக்கப்படுகிறது. அதுவும் இரண்டு இரண்டாக.

ஒரு காந்தத்தை மட்டும் விழுங்கினால் அது மலத்தோடு வெளியேறிவிட வாய்ப்புண்டு. இரண்டை விழுங்கினால், அல்லது ஒரு காந்தத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே அவை ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடற்சுவர் இரத்த ஓட்டமின்றி அழுகி ஓட்டை விழும். அறுவை சிகிச்சைதான் வழி. காது குத்தாமலேயே போடும் காந்தத் தோட்டுக்கும் இது பொருந்தும். நாக்கின் இரு பக்கமும் காந்த உருண்டைகளை ஒட்டிக் காட்டும் டிக்டாக் விளையாட்டால் பிள்ளைகள் மருத்துவமனைக்கு வந்ததைப் பார்த்து, 2021 மே மாதத்தில் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை இதற்கென்று எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்க ஆணையம் 2022-இல் விளையாட்டு, பொழுதுபோக்குக் காந்தப் பொருட்களுக்கும் அவ்வகைக் காந்த நகைகளுக்கும் விதி கொண்டுவந்தது. கழன்று வரும் காந்தம் விழுங்கும் அளவில் இருந்தால் அது பலவீனமானதாக இருக்க வேண்டும் என்பது அந்த விதி.

பளிச் பளிச் என்று மின்னும் மோதிரம், கிரீடம், வளையலில் இருக்கும் பட்டன் பேட்டரி இதைவிட அவசரமானது. உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகச் சுட்டுவிடும். இங்கே காத்திருக்க நேரமே இல்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற பிள்ளையாக இருந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சுத் தகவல் மையம் சொல்கிறது. அது சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தேன் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

நம் நாட்டில் நிலைமை

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் அந்த ஆணை 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொருட்களைப் பற்றியது. அணிவதற்கென்று விற்கும் நகை விளையாட்டுப் பொருள் என்ற வரையறைக்குள் எளிதில் வராது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் உண்டு. அதற்குப் புகார் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மணி கழன்று விழுந்த மாலை, திருகாணி நிற்காத தோடு என்று எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும், பொருளையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அங்கே பதிவு செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து நகை கொண்டு வரும் உறவினர்களிடம் அட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். முடியவில்லை என்றால் அட்டையின் இரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். அமெரிக்க ஆணையத்தின் இணையதளத்திலும், ஐரோப்பாவின் சேஃப்டி கேட் தளத்திலும் பொருளின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

தொண்டையில் சிக்கிவிட்டால்

பிள்ளை சத்தமாக இருமினால் இருமட்டும், முதுகில் தட்டி அதைக் குழப்ப வேண்டாம். சத்தம் வரவில்லை, அழ முடியவில்லை, முகம் நீலமாகிறது என்றால் ஒருவர் 108-க்கு அழைக்க (இலங்கையில் 1990), மற்றவர் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 முறை தட்டிவிட்டு, பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்த வேண்டும். பிள்ளை மயங்கிவிட்டால் சிபிஆர். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது இன்னும் கீழே போய்விடும்.

விழுங்கிவிட்டான் என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே போன்ற இன்னொரு மணியோ ஜோடித் தோடோ இருந்தால் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் என்னவென்று அவருக்கு அது சொல்லும்.

வேண்டாம் என்று ஒதுக்கிய நகையை என்ன செய்வது? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைக்கோ பழைய துணிகளோடு சேர்த்து ஏழை வீட்டுக்கோ கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட பொருளைப் பழைய பொருளாகக்கூட விற்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். தங்கம், வெள்ளி என்றால் நகைக்கடையில் கொடுத்துத் திருகாணியையும் கொக்கியையும் மாற்றிக்கொள்ளலாம். மலிவு உலோகமும் அறுந்த பாசியும் என்றால், மணிகளைச் சங்கிலியிலிருந்து பிரித்து, உறையில் போட்டு ஒட்டி, குப்பை வண்டி வரும் நாளில் அதில் நேராகச் சேர்த்துவிடுங்கள்.